கிட்ஹப் ரன்னர் கட்டணம், என்பிஎம் டோக்கன், 2026 மார்ச் மாதத் திகதிகள்: மலையகத்தில் இருந்து வேலை செய்யும் குழுக்கள் கவனிக்க

சிங்கமலை:

வணக்கம். ஹட்டனில் இருந்து சின்னக் குழுவாக மென்பொருள் வேலை செய்கிறோம். வாடிக்கையாளர்கள் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். நானுஓயா, பண்டாரவளை, பதுளை என்று ஆங்காங்கே வீட்டிலோ வாடகை அறையிலோ இதே வேலையைச் செய்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பது தெரியும். நமக்காகத்தான் இந்த இழை.

முதலில் பெரிய செய்தி. 2025 டிசம்பர் நடுப்பகுதியில் கிட்ஹப், அதாவது நம் கோடை வைத்துப் பேணும் இணையத் தளம், இரண்டு விஷயங்களைச் சேர்த்து அறிவித்தது. 2026 ஜனவரி 1 முதல் அவர்களுடைய ரன்னர்களின், அதாவது கோடில் இருந்து மென்பொருளைத் தானாகக் கட்டி (பில்ட்) பரிசோதிக்கும் இயந்திரங்களின், நிமிடக் கட்டணம் குறையும், சிலவற்றில் 39 சதவீதம் வரை. அதோடு அதே வருடம் மார்ச் 1 முதல் நம்முடைய சொந்தக் கணினியில் ஓடும் ரன்னருக்கும், தனிப்பட்ட ரெப்போ (வெளியாருக்குத் திறக்காத கோட் களஞ்சியம்) என்றால், நிமிடத்துக்கு 0.002 டொலர் வாங்கப்போவதாகச் சொன்னார்கள். இரண்டாவதற்கு உலகம் முழுக்க எதிர்ப்புக் கிளம்பியதும் உடனேயே தள்ளி வைத்துவிட்டார்கள். தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரும்ப வராது என்று யாரும் சொல்லவில்லை.

கணக்குப் பார்த்தால் நாளுக்கு 8 மணி நேரம், மாதத்தில் 22 நாள் ஒரு ரன்னர் முழுக்க ஓடினால் 21 டொலர் சொச்சம். பெரிய கம்பனிக்கு அது ஒன்றுமில்லை. டொலரில் கார்ட் போட்டுக் கட்டுகிற மூன்று நான்கு பேர் குழுவுக்கு, அதுவும் 2022இல் ரூபாய் விழுந்த விழுகையைப் பார்த்தவர்களுக்கு, மாதாமாதம் அது ஒரு செலவுதான்.

என் நிலைப்பாட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மலையில் இருக்கும் நம் கணினி பில்ட் செய்யட்டும், டெஸ்ட் ஓட்டட்டும். ஆனால் அது நின்றால் வாடிக்கையாளரின் வேலை நிற்கும் என்ற நிலை எந்த நேரத்திலும் இருக்கக் கூடாது. கட்டணம், மின்வெட்டு, மண்சரிவு, டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலான டிஜிட்டல் சாவி) காலாவதி என்று எது வந்தாலும் அந்தக் கணினியை அன்றைக்கே ஒதுக்கி வைத்துவிட்டு வேலை தொடர வேண்டும். உங்கள் இடத்தில் எப்படி வைத்திருக்கிறீர்கள்?


நானுஓயா_நைட்ஷிப்ட்:

அண்ணே, நீங்கள் சொல்வது எங்களுக்கு 2025 நவம்பரிலேயே நடந்துவிட்டது. டித்வா புயல் வந்தபோது நுவரெலியா மாவட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. பாதை இல்லை, கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. அக்கம்பக்கத்தில் உயிர் போன வீடுகள் இருக்கும்போது யாருக்கும் சேவர் ஞாபகம் வராது. வரவும் கூடாது. அதனால்தான் அந்த வேலை யாரும் கை வைக்காமலே நடக்கிற மாதிரி முன்பே செய்து வைக்க வேண்டும் என்கிறேன்.

கரண்ட் வந்த பிறகும் எங்கள் லைனுக்கு இணையம் வர நெடுநாள் எடுத்தது. வந்ததும் பார்த்தால் கிட்ஹப் பட்டியலில் எங்கள் ரன்னரே இல்லை. 14 நாளுக்கு மேல் தொடர்பு இல்லாத ரன்னரை அவர்களே பட்டியலில் இருந்து எடுத்துவிடுவார்கள், அதுதான் விதி. அதற்கு முன்னாலேயே இன்னொன்றும் நடக்கும். ரன்னர் கிடைக்காமல் 24 மணி நேரம் வரிசையில் நின்ற ஜொப் (ரன்னருக்குக் கொடுக்கும் ஒரு வேலை) தானாக ரத்தாகிவிடும்.

எங்களைக் காப்பாற்றியது ஒரே ஒரு வரி. வேர்க்ஃப்ளோ கோப்பில் (எந்த வேலை எங்கே ஓட வேண்டும் என்று எழுதும் கோப்பு) 'ரன்ஸ்-ஒன்' என்ற இடத்தில் ரன்னரின் பெயரை நேரே எழுதாமல் ரெப்போவின் செட்டிங்கில் ஒரு மாறியாக வைத்திருந்தோம். கண்டியில் இருந்த எங்கள் தங்கச்சி ஒருத்தி போனில் பிரவுசரைத் திறந்து அந்த மாறியை 'உபுண்டு-24.04' என்று மாற்றினாள். அடுத்த பில்ட் கிட்ஹப் ரன்னரில் ஓடியது. கோட் எதையும் தொடவில்லை, ஒரு கொமிட் (பதிவு செய்த கோட் மாற்றம்) கூடப் போடவில்லை. யாருக்காவது இந்த இழையில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள்.


மகாவலிக்கரை:

இருவர் சொல்வதையும் மதிக்கிறேன், ஆனால் எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. மலையில் ஏன் கணினி வேண்டும்? தனிப்பட்ட ரெப்போவுக்குக் கிட்ஹப் இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள். மைக்ரோசொஃப்டின் அசூர் டெவொப்ஸ் 1,800 நிமிடம் தருகிறது, அதற்கு ஒரு படிவம் நிரப்பிக் கேட்க வேண்டும். களவாகக் கிரிப்டோ தோண்டியவர்களால் 2021இல் வந்த கட்டுப்பாடு அது. இதே மாதிரி இன்னொரு தளமான கிட்லாப் 400 நிமிடம். சின்னக் குழு ஒழுங்காகக் கேஷ் (ஒருமுறை இறக்கியதைத் திரும்பப் பாவிக்கும் சேமிப்பு) வைத்தால் இதற்குள் வாழலாம்.

பலர் நிமிடத்தை வீணாக்கும் இடம் ஒன்று உண்டு. கிட்ஹப் ஒவ்வொரு ஜொப்பையும் தனித்தனியாக அடுத்த முழு நிமிடத்துக்குக் கூட்டிக் கணக்கிடுகிறது. 15 விநாடி ஓடுகிற லின்ட் (கோடில் பிழை தேடும் சோதனை), 20 விநாடி ஓடுகிற பரிசோதனை, இன்னொரு 10 விநாடி வேலை என்று மூன்று ஜொப் வைத்தால் மூன்று நிமிடம் போகும். ஒரே ஜொப்பில் மூன்று படிகளாக வைத்தால் ஒரு நிமிடம். நான் பார்த்த பல ரெப்போக்களில் இதை மட்டும் திருத்தினாலே நிமிடத் தட்டுப்பாடு தீர்ந்துவிடுகிறது.

யூபிஎஸ், பேட்டரி, மின் கட்டணம், இடி விழுந்தால் மதர்போர்ட் என்று எல்லாம் சேர்த்தால் சொந்த ரன்னர் இலவசம் இல்லை.


சிங்கமலை:

மகாவலிக்கரை, ஜொப் கணக்கை இவ்வளவு தெளிவாக எழுதியதற்கு நன்றி. எங்கள் கோப்பையும் இன்று திருத்தினேன்.

ஆனால் முழுக்கக் கிளவுட் என்பதை நான் ஏற்கவில்லை. 2025 ஒக்டோபர் 20 அன்று அமேசானின் கிளவுட்டான ஏடபிள்யூஎஸ்ஸின் வடக்கு வேர்ஜினியா பிராந்தியம், அவர்களுடைய தரவுத்தளமான டைனமோடிபியின் டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) கோளாறால் விழுந்தது. அதே மாதம் 29ஆம் திகதி மைக்ரோசொஃப்ட் கிளவுட்டின் நுழைவாயிலான அசூர் ஃப்ரன்ட் டோர் ஒரு தவறான கொன்பிகரேஷனால் விழுந்தது, பல இடங்களில் அசூர் போர்ட்டலே திறக்கவில்லை. இரண்டு சம்பவத்துக்கும் இங்குள்ள மழையோ மின்வெட்டோ காரணம் இல்லை. அந்த நேரத்தில் கையில் இருக்கிற கணினியில் பில்ட் செய்து வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடிந்தால் நல்லதுதானே. இரண்டு பக்கமும் வழி இருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு. நானுஓயா சொன்ன மாறியும் அதற்குத்தான்.

இன்னொன்று, எங்களுடைய அண்ட்ரொயிட் பில்ட் கனமானது. கிட்ஹப்பின் சாதாரண ரன்னரைவிட எங்கள் கணினியில் பாதி நேரத்தில் முடிகிறது.


ஊவாக்காற்று:

வணக்கம். பதுளையில் படிக்கிறேன், இறுதி வருடச் செயற்திட்டத்துக்காகக் கேட்கிறேன். என்னிடம் டொங்கிள் இணையம்தான், நிலையான ஐபி முகவரி இல்லை. ரவுட்டரில் போர்ட் திறக்கவும் முடியாது. அப்படியிருந்தும் சொந்த ரன்னர் வைக்கலாமா? அப்புறம், சில நாட்களில் டொக்கர் இமேஜ் (மென்பொருளை ஓடத் தேவையானவற்றோடு கட்டிய பொதி) இறக்கும்போது 'அதிகமாகக் கேட்டுவிட்டீர்கள்' என்று பிழை வருகிறது. நான் அன்று ஒரு இமேஜ் கூட இறக்கியிருக்க மாட்டேன். காரணம் புரியவில்லை.


சிங்கமலை:

வைக்கலாம் தங்கச்சி/தம்பி. ரன்னர்தான் கிட்ஹப்பை 443 போர்ட் வழியாகத் தானே அழைத்து "எனக்கு வேலை இருக்கிறதா" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். வெளியில் இருந்து யாரும் உங்கள் வீட்டுக்குள் வரத் தேவையில்லை. அதனால் நிலையான ஐபி, போர்ட் எதுவும் வேண்டாம். அசூர் டெவொப்ஸ் ஏஜென்டும் (அங்கே ரன்னருக்கு அந்தப் பெயர்) இப்படித்தான் வேலை செய்கிறது. அங்கே ஒரு நிறுவனக் கணக்குக்குச் சொந்த ஏஜென்டில் ஓட ஒரு இணை ஜொப் இலவசம், நிமிட வரம்பு கிடையாது. அசூர் டெவொப்ஸில் முதல் 5 பேருக்கு அடிப்படை உரிமமும் இலவசம் என்பதால் செயற்திட்டக் குழுவுக்குப் போதும்.

ஒரு கட்டாய எச்சரிக்கை. பொது ரெப்போவுக்குச் சொந்த ரன்னரைக் கட்டாதீர்கள். முகம் தெரியாத ஒருவர் ஃபோர்க் செய்து (பிரதி எடுத்து) புல் ரிக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கும்படி வேண்டுகோள்) அனுப்பினால் அவருடைய கோட் உங்கள் கணினியில் ஓடும் ஆபத்து இருக்கிறது. கிட்ஹப்பே அதைச் செய்ய வேண்டாம் என்கிறது. பொது ரெப்போவுக்கு அவர்களுடைய சாதாரண ரன்னர் இலவசம்தானே, அதையே எடுங்கள்.

டொக்கர் பிழைக்குக் காரணம் உங்கள் டொங்கிள்தான். மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. டொக்கர் ஹப் (அந்த இமேஜ்கள் இருக்கும் களஞ்சியம்) உள்நுழையாதவர்களுக்கு ஒரு ஐபிக்கு 6 மணி நேரத்தில் 100 இமேஜ் என்று வரம்பு வைத்திருக்கிறது. முன்பின் தெரியாத இன்னொருவர் அதை முடித்திருப்பார். இலவசக் கணக்கு ஒன்று எடுத்து உள்நுழையுங்கள். அப்போது வரம்பு ஐபியைப் பார்க்காமல் உங்கள் கணக்கைப் பார்க்கும், 200 வரை கிடைக்கும். வீட்டில் பல கணினி இருந்தால் டொக்கரின் ரெஜிஸ்ட்ரி இமேஜையே ஒரு கணினியில் ஓடவிட்டு இடைக் கேஷாக வைக்கலாம். ஒருமுறை இறக்கியது திரும்ப டேட்டாவைத் தின்னாது.


ஊவாக்காற்று:

தங்கச்சிதான் அண்ணா. மிக்க நன்றி, உள்நுழைந்ததும் சரியாகிவிட்டது.


தலவாக்கலைக்காரி:

நான் இப்போது கொழும்பில் பாதுகாப்புப் பக்கம் வேலை செய்கிறேன், வீடு தலவாக்கலையில். சொந்த ரன்னர் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது.

2025 நவம்பர் 24 அன்று என்பிஎம்மில் (ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் பொதுக் களஞ்சியம்) ஷை-ஹுலூட் என்ற புழுவின், அதாவது தானாகப் பரவும் கெட்ட நிரலின், இரண்டாம் அலை வந்தது. செப்டம்பரில் வந்தது பொதி நிறுவப்பட்ட பிறகு ஓடியது. இது நிறுவுவதற்கு முன்னாலேயே, 'ப்ரீஇன்ஸ்டால்' ஸ்கிரிப்டில் ஓடியது. கணினியில் கிடைத்த கடவுச்சொல், டோக்கன் எல்லாவற்றையும் வாரி எடுத்துப் பொது ரெப்போக்களில் கொட்டியது. அப்படி 25,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் உருவாகின. எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி வேறு. தாக்கப்பட்ட கணினியை அது கிட்ஹப்பில் சொந்த ரன்னராகப் பதிவு செய்துகொண்டது. அதாவது பிறகு எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து கட்டளை ஓட்ட ஒரு வாசல். நம் ஊரில் பலர் அதே வாரம் புயலில் மாட்டியிருந்ததால் இந்தச் செய்தியைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். இப்போதாவது உங்கள் ரெப்போ, நிறுவனக் கணக்கு இரண்டின் செட்டிங்கிலும் ரன்னர் பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் வைக்காத பெயர் ஏதாவது இருந்தால் உடனே அகற்றுங்கள், டோக்கன் அத்தனையும் மாற்றுங்கள்.

இப்படியான தாக்குதல்களின் தொடர்ச்சியாக என்பிஎம் விதிகளும் மாறிவிட்டன. பழைய கிளாசிக் டோக்கன்கள் 2025 டிசம்பர் 9 அன்று மொத்தமாகச் செல்லாமல் போயின. புதிய டோக்கனுக்கு எழுதும் உரிமை இருந்தால் அதிகபட்சம் 90 நாள்தான். டோக்கனே வேண்டாம் என்றால் நம்பகப் பதிப்பு முறை இருக்கிறது, பைப்லைனின் (பில்ட் முதல் வெளியீடு வரையான தானியங்கி வரிசையின்) அடையாளத்தை என்பிஎம் நேரே சரிபார்க்கும். சிங்கமலை அண்ணனுக்கு ஒரு குறிப்பு: அந்த முறை சொந்த ரன்னரில் வேலை செய்யாது. பில்ட் மலையில் நடக்கலாம், பதிப்பு மட்டும் கிட்ஹப் ரன்னரில் நடக்க வேண்டும்.

பைப்லைனில் நிறுவும்போது ஸ்கிரிப்டுகளை நிறுத்தி வையுங்கள், அதற்கு என்பிஎம்மில் 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' தெரிவு உண்டு. என்பிஎம்முக்குப் பதிலாகப் பாவிக்கும் கருவியான பிஎன்பிஎம்மின் 10ஆம் பதிப்பு சார்புப் பொதிகளின் ஸ்கிரிப்டுகளை இயல்பாகவே ஓட்டாது. வெளியாகிச் சில நாள் ஆகாத பொதியை எடுக்காதே என்று சொல்லவும் அதில் வழி வந்திருக்கிறது. இந்தப் புழுக்கள் பெரும்பாலும் சில மணி நேரத்திலேயே பிடிபடுகின்றன. காத்திருப்பதே பாதி மருந்து.


நானுஓயா_நைட்ஷிப்ட்:

அக்கா, இப்போதே பார்த்தேன், எங்கள் பட்டியல் சுத்தம். ஒரு சந்தேகம். வேர்க்ஃப்ளோவில் மற்றவர்கள் எழுதிய அக்ஷன்களை (ஆயத்தமாகக் கிடைக்கும் வேர்க்ஃப்ளோ படிகளை) முழுக் கொமிட் இலக்கத்தோடு கட்டு என்கிறார்கள். அப்படிக் கட்டினால் புதுப்பிப்பு வராதே? பழையதிலேயே கிடப்பதும் ஆபத்துதானே?


தலவாக்கலைக்காரி:

நல்ல கேள்வி தம்பி. 2025 மார்ச்சில் டிஜே-அக்ஷன்ஸின் 'சேஞ்ச்ட்-ஃபைல்ஸ்' அக்ஷனுக்கு நடந்ததைப் பார். 23,000க்கும் அதிகமான ரெப்போக்கள் அதைப் பாவித்தன. களவாக உள்ளே புகுந்தவர்கள் பதிப்புக் குறிகளை, அதாவது டேக்குகளை, தங்கள் கெட்ட கொமிட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். அதனால் 'வி35' என்று எழுதி வைத்தவர்கள் எதையும் மாற்றாமலே மாட்டினார்கள். ரகசியங்கள் பில்ட் லொக்கில் அச்சாகின. கொமிட் இலக்கத்தோடு கட்டியவர்களைப் பெரும்பாலும் அது தொடவில்லை, ஏனென்றால் டேக்கை நகர்த்தலாம், ஏற்கெனவே போட்ட கொமிட்டை நகர்த்த முடியாது.

புதுப்பிப்பு வரும். கிட்ஹப்பின் டிபென்டபொட் என்ற புதுப்பிப்புக் கருவி கொமிட் இலக்கத்தையும், அதன் பக்கத்தில் குறிப்பாக எழுதிய பதிப்பு எண்ணையும் சேர்த்தே மாற்றிப் புல் ரிக்வெஸ்ட் அனுப்பும். நீ பார்த்து ஏற்றுக்கொள்வாய். யாருக்கும் தெரியாமல் மாறுவதுதான் நிற்கும்.


மகாவலிக்கரை:

இதைப் படித்த பிறகு என் பக்கம் இன்னும் உறுதியாகிறது. கிட்ஹப்பின் ரன்னர் ஒவ்வொரு ஜொப்புக்கும் புதிய இயந்திரம், முடிந்ததும் அழிந்துவிடும். புழு வந்தாலும் தங்க இடமில்லை. நம் வீட்டுக் கணினியில் நேற்றைய ஜொப் விட்ட குப்பை இன்றைய ஜொப்புக்கும் இருக்கும்.


சிங்கமலை:

அது உண்மைதான், அந்த வாதத்தை ஏற்கிறேன். அதற்காகத்தான் நாங்கள் ரன்னரை 'எஃபெமரல்' தெரிவோடு ஓட்டுகிறோம். ஒரு ஜொப் முடிந்ததும் அது பதிவில் இருந்து விலகும். டொக்கர் கொள்கலனை அழித்து, புதிதாக ஒன்றைக் கிளப்பி, மறுபடி பதிவு செய்கிறோம். பதிவு டோக்கன் ஒரு மணி நேரம்தான் செல்லும், அதனால் ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்ட்தான் புதிதாகக் கேட்டு வாங்குகிறது. கையால் செய்ய நினைத்தால் முடியாது.

ரகசியங்களையும் அந்தக் கணினியில் வைப்பதில்லை. டிப்ளோய் செய்யும் (மென்பொருளைச் சேவரில் ஏற்றும்) ஜொப் எப்போதும் கிட்ஹப் ரன்னரில், நிரந்தரச் சாவி இல்லாமல் ஓஐடிசி (ஒவ்வொரு முறையும் குறுகிய கால அடையாளம் வாங்கும் முறை) வழியாகக் கிளவுட்டின் மும்பைப் பிராந்தியத்துக்குப் போகிறது. அசூர் டெவொப்ஸ்காரர்களுக்கும் இதே வசதி 2024 தொடக்கத்தில் இருந்து சேர்விஸ் கனெக்ஷனில் (கிளவுட்டோடு இணைக்கும் அமைப்பு) இருக்கிறது. பழைய இணைப்பை மாற்ற அங்கேயே ஒரு பொத்தான் உண்டு. இன்னும் ரகசியச் சாவியோடு ஓட்டுகிறவர்கள் இன்றைக்கே மாற்றுங்கள், அது காலாவதியாகும் நாள் எப்போதும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில்தான் தெரியவரும்.


பண்டாரவளை_மேகம்:

மார்ச் திகதிகள் என்று தலைப்பில் பார்த்து வந்தேன், இன்னும் யாரும் சொல்லவில்லையே. எனக்குத் தெரிந்தவை இவை.

2026 மார்ச் 15 முதல் புதிதாக வழங்கப்படும் பொது டிஎல்எஸ் சேர்ட்டிபிகேட்டின் (தளத்தின் அடையாளத்தைப் பிரவுசருக்கு உறுதிப்படுத்தும் சான்றிதழின்) ஆயுள் அதிகபட்சம் 200 நாள். 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். வருடத்துக்கு ஒருமுறை காசு கட்டி வாங்கிக் கையால் போடுகிற வழக்கம் இதோடு முடிகிறது. பல கடைகளுக்கும் பாடசாலைகளுக்கும் தளம் செய்து கொடுத்த நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத்தான் இது பெரிய வேலை. இலவசமாகச் சேர்ட்டிபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பாவிக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பி வந்த மின்னஞ்சல் 2025 ஜூன் 4ஆம் திகதியோடு நின்றுவிட்டது. தானியங்கிப் புதுப்பிப்பு நின்றுபோனால் சொல்ல ஆளில்லை. ஒரு கண்காணிப்பை நாமே வைக்க வேண்டும்.

அடுத்தது குபர்னெட்டிஸ், பல சேவர்களில் கொள்கலன்களை நிர்வகிக்கும் அமைப்பு. வெளியில் இருந்து வரும் கோரிக்கைகளை அதற்குள் அனுப்பும், சமூகத்தின் 'இன்கிரஸ் என்ஜின்எக்ஸ்' திட்டம் 2026 மார்ச்சோடு ஓய்கிறது. ஓடுகிறது ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தம்கூட வராது. அதற்குப் பதிலான கேட்வே ஏபிஐ பக்கம் போகச் சொல்கிறார்கள். எஃப்5 நிறுவனத்தின் கிட்டத்தட்ட அதே பெயருள்ள கொன்ட்ரோலர் வேறு, அது தொடர்கிறது. எது உங்களிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.


நானுஓயா_நைட்ஷிப்ட்:

சேர்ட்டிபிகேட் விஷயம் தெரியவே தெரியாது. நன்றி. இதையெல்லாம் நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள்? எங்களுக்குச் செய்தி வந்து சேர்வதே பில்ட் உடைந்த பிறகுதான்.


பண்டாரவளை_மேகம்:

கிட்ஹப்புக்கு அவர்களுடைய சேஞ்ச்லொக் (மாற்றப் பட்டியல்) பக்கம், ஆர்எஸ்எஸ் (புதியவை தானாக வந்து சேரும் வசதி) உண்டு. ரன்னர் இமேஜ் மாற்றங்கள் 'ரன்னர்-இமேஜஸ்' ரெப்போவில் அறிவிப்பாக முன்கூட்டியே வரும். 'உபுண்டு-லேட்டஸ்ட்' 22.04இல் இருந்து 24.04க்குப் போனது, 20.04 இமேஜ் 2025 ஏப்ரலில் அகற்றப்பட்டது எல்லாம் அங்கே மாதங்களுக்கு முன்பே இருந்தன. அசூர் டெவொப்ஸ் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஸ்பிரின்ட் குறிப்பு போடுகிறது. ஒன்று மட்டும் மனதில் வையுங்கள், அவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் கொடுப்பதில்லை, வட்டம் வட்டமாக விரிக்கிறார்கள். குறிப்பில் பார்த்த வசதி உங்கள் திரையில் இல்லையென்றால் சில நாள் பொறுங்கள்.

எங்கள் குழுவில் திங்கட்கிழமைக் காலைக் கூட்டத்தில் முறை வைத்து ஒருவர் இதை வாசித்துவிட்டு வந்து சொல்கிறார். நம்மைத் தொடுகிற திகதி இருந்தால் அங்கேயே ஒரு வேலை அட்டை திறந்து ஆளின் பெயரைப் போடுகிறோம். பெயர் போடாத அட்டை நகர்வதில்லை.


ஊவாக்காற்று:

கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. இரவு 12 மணிக்கு ஓட வேண்டும் என்று வேர்க்ஃப்ளோவில் நேரம் வைத்தேன். விடிந்த பிறகுதான் ஓடுகிறது. இதுவும் டொங்கிள் பிரச்சினையா?


சிங்கமலை:

இல்லை தங்கச்சி. அங்கே நேரம் இயல்பாக யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருப்பதால் அங்கே நள்ளிரவு என்றால் இங்கே காலை 5.30. நம் நள்ளிரவுக்கு மாலை 18.30 என்று வைக்க வேண்டும். சரியாக மணி அடிக்கும் நிமிடத்தைத் தவிர்த்து 18.37 மாதிரி ஒன்றை வையுங்கள். முழு மணிக்கு எல்லோரும் வைப்பதால் நெரிசலில் தாமதமாகும், சில நேரம் விடுபட்டும் போகும். உங்கள் ரெப்போ பொது என்றால் 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அந்த அட்டவணையை அவர்களே நிறுத்திவிடுவார்கள், பரீட்சைக் காலத்தில் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.